பட்டன் போனைப் பட்டினி போடுறாங்க

சமீபத்துல பட்டன் போன் வாங்கக் கடைக்குப் போயிருக்கீங்களா? ஒரு தடவை போய்ப் பாருங்க. நல்லா பொழுது போகும்.

கடைத் தம்பி முதல்ல நம்மளை மேலயும் கீழயும் பார்ப்பாரு. "யாருக்குண்ணா, வீட்டுல பெரியவங்களுக்கா?" ஆமான்னு சொன்னதும் முகத்துல இருந்த சுறுசுறுப்பு பாதி போயிரும். டச் போனெல்லாம் கண்ணாடிக்குள்ள லைட்டு வெளிச்சத்துல மினுக்கிக்கிட்டு நிக்கும். இவரு கீழ குனிஞ்சு, பவுச்சும் பழைய சார்ஜரும் கெடக்கற டப்பாவுக்குள்ள கையை விட்டு நாலஞ்சு அட்டைப்பெட்டியை எடுத்து மேஜை மேல போடுவாரு. எல்லாத்துலயும் ரெண்டு சிம், டார்ச், எஃப்எம், பெரிய பேட்டரி.

"இதுல எது தம்பி 4ஜி?"ன்னு கேட்டேன்.

பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாரு. "4ஜி சிம் போட்டா வேலை செய்யும்ணா."

அது இல்ல கேள்வி. 4ஜி சிம்மை எதுல வேணாலும் போடலாம். போன் 4ஜியா இல்லையா?

"பேசறதுக்குத்தானேண்ணா கேக்கறீங்க? அதுக்கு எதுக்கு 4ஜி?"

இந்த ஒரு கேள்வி எனக்கு ரெண்டு நாள் தூக்கத்தைக் கெடுத்துருச்சு. அதுக்குத்தான் இந்தப் பதிவு. (நீளமா போகும். டீ போட்டு எடுத்துக்கிட்டு வந்துருங்க.)

போன் எங்க பெரியப்பாவுக்கு. ஊரு கோபிச்செட்டிபாளையம் பக்கம். தென்னை, மஞ்சள், கொஞ்சம் கரும்பு. வயசு எழுபதைத் தாண்டியாச்சு. அவரோட பட்டன் போன்ல நம்பர் எல்லாம் தேஞ்சு போயி, அஞ்சாம் நம்பர் மேல இருக்கற அந்த சின்னப் புள்ளி மட்டும்தான் பாக்கி. அவருக்கு அது போதும். புள்ளியைத் தடவிப் பார்த்துக்கிட்டே இருட்டுல கூட நம்பர் போட்டுருவாரு.

கொஞ்ச காலமா ஒரே புகார். "கோடு நாலும் நெறைய நிக்குது கண்ணு. போன் போட்டாத்தான் போவ மாட்டேங்குது." நான் இங்க இருந்து பண்ணா "தொடர்பு எல்லைக்கு அப்பால்". சரி, அவரு பண்ணுவாருன்னு நான் சும்மா இருப்பேன், நான் பண்ணுவேன்னு அவரு சும்மா இருப்பாரு. கடைசில பெரியம்மா பக்கத்து வீட்டுப் பையன் போன்ல இருந்து கூப்பிட்டு "ஏஞ்சாமி, நல்லாத்தான இருக்கற?"ன்னு பயந்துபோய்க் கேட்கற நிலைமை.

கம்பெனிக்குப் போன் பண்ணேன். (எந்தக் கம்பெனின்னு கேட்காதீங்க. எல்லாம் ஒரே குட்டையில ஊறின மட்டை.) டவர் கோளாறுன்னு சொன்னா, "உங்க போனை 4ஜிக்கு அப்கிரேடு பண்ணிக்கங்க சார்"ங்கறாங்க. என் வீட்டுக் குழாய்ல தண்ணி வரலன்னு சொன்னா, நீங்க வேற குடம் வாங்கிப் பாருங்கன்னு சொல்லுவாங்களா?

இதுல கடுப்பாகி உட்கார்ந்து நோண்ட ஆரம்பிச்சேன். விஷயம் இதுதான்.

2ஜில ஒரு அலைவரிசைத் துண்டுங்கறது 200 கிலோஹெர்ட்ஸ். அதை நேரத்தால எட்டா வெட்டி, எட்டு பேருக்கு மாத்தி மாத்திக் கொடுக்கும் டவர். நமக்குத் தெரியாத அளவுக்கு வேகமா. முதல் துண்டுல எட்டுல ஒண்ணு டவரோட சொந்த வேலைக்குப் போயிரும். ஆக ஒரு துண்டுல சாதாரணமா ஏழெட்டு பேர் பேசலாம். ஒரு டவர்ல இப்படி எத்தனை துண்டு வச்சிருக்காங்களோ அத்தனை ஏழெட்டு.

4ஜி வந்ததும் கம்பெனிகளுக்கு அந்தத் துண்டுங்க மேல கண்ணு. முக்கியமா 900 மெகாஹெர்ட்ஸ். அது தூரமும் போகும், சுவத்துக்குள்ளயும் நுழையும், ரொம்ப நல்ல சரக்கு. 2ஜிக்குக் கொடுத்து வச்சிருந்ததைக் கொஞ்சம் கொஞ்சமா எடுத்து 4ஜிக்கு மாத்தறாங்க. அவங்க பக்கத்துலயும் நியாயம் இருக்கு. அதே அலைல 4ஜி பல மடங்கு வேலை வாங்கும். ஆனா கிராமத்து டவர்ல மிச்சம் இருக்கற ஒண்ணு ரெண்டு துண்டுலதான் பட்டன் போன்காரங்க அத்தனை பேரும் பேசணும். பெரியப்பாவுக்கு டவர் பக்கத்துலதான் இருக்கு. அதனால கோடு நாலும் நிக்குது. பேச இடம்தான் இல்ல.

இதுல எனக்கு எரிச்சல் எங்கன்னா, யாரும் 2ஜியை மூடறோம்னு சொல்லல. மூடினாக்கூடத் தேவலை. தேதி தெரியும், சண்டை போடலாம், போனை மாத்தலாம். இது அப்படி இல்ல. வாய்க்கால்ல வர தண்ணியைத் தினம் ஒரு விரக்கடை குறைச்சுக்கிட்டே வராங்க. கேட்டா "தண்ணி விட்டுக்கிட்டுத்தானே இருக்கோம்"னு பதில்.

சரி, 3ஜி எங்க போச்சு? அது வேற கூத்து. 2010ல 3ஜி ஏலம் நடந்துச்சே, ஞாபகம் இருக்கா? அரசாங்கத்துக்குக் கிட்டத்தட்ட 67,719 கோடி ரூபாய் வந்துச்சு. வீடியோ கால் பேசலாம், போன்லயே டிவி பார்க்கலாம்னு விளம்பரம் எல்லாம் தூள் கிளப்புச்சு. பத்து வருஷம் கூட ஓடல. ஏர்டெல் 2019ல கொல்கத்தால 3ஜியை நிறுத்த ஆரம்பிச்சு, 2020 மார்ச்சுக்குள்ள நாடு முழுக்க முடிச்சுட்டாங்க. 2ஜியை வச்சுக்கிட்டாங்க! அண்ணன் இருக்கான், தம்பி தலையெடுத்துட்டான், நடுப்புள்ளைக்குத்தான் வீட்டுல இடம் இல்ல. பேச 2ஜி போதும், நெட்டுக்கு 4ஜி இருக்கு, 3ஜிக்கு ஒரு வேலையும் இல்ல.

இந்தப் பக்கம் ஜியோ. 2016 செப்டம்பர்ல வந்தப்பவே 2ஜியும் கிடையாது, 3ஜியும் கிடையாது, நேரா 4ஜி. 2020 ஜூலை 31 அன்னைக்கு முகேஷ் அம்பானி பேசினாரு: இன்னும் 30 கோடிப் பேர் 2ஜி காலத்துல மாட்டிக்கிட்டு இருக்காங்க, 2ஜியை வரலாறாக்கணும்னு. தேதி சும்மா பிடிச்சது இல்ல. சரியா 25 வருஷத்துக்கு முன்னாடி, 1995 ஜூலை 31ல, கல்கத்தாவுல இருந்து அப்ப மேற்கு வங்க முதல்வரா இருந்த ஜோதி பாசு, டெல்லில இருந்த மத்திய அமைச்சர் சுக்ராமைக் கூப்பிட்டாரு. இந்தியாவோட முதல் செல்போன் கால் அது. (லைன் கிடைச்சிருக்கு பாருங்க.)

வரலாறாக்கணும்னு அவங்க சொல்றதுல ஆச்சரியம் இல்ல. அவங்ககிட்டத்தான் 2ஜியே இல்லையே! அதையே மத்த கம்பெனிங்க வாயால சொல்லாம ரீசார்ஜ்ல சொல்றாங்க.

ரீசார்ஜ் கதைக்கு வரேன். இதுலதான் எனக்கு ரத்தம் கொதிக்குது.

2003க்கு முன்னாடி இன்கமிங்குக்கே காசுங்க. இப்ப இருக்கற பசங்ககிட்ட சொன்னா சிரிக்கறாங்க. போன் அடிச்சா நம்பரைப் பார்த்து, கட் பண்ணிட்டு, எஸ்டிடி பூத்துக்கு ஓடின ஆளுங்களை எனக்குத் தெரியும். அதுக்கு அப்புறம் இன்கமிங் ஃப்ரீ ஆச்சு, மிஸ்டு கால் யுகம் பொறந்துச்சு. எங்க வீட்டுல ஒரு ரிங்குன்னா பஸ் ஏறியாச்சு. ரெண்டு ரிங்குன்னா இறங்கியாச்சு, வண்டி எடுத்துக்கிட்டு வா. மூணு ரிங்குன்னா கூப்பிடு, பேலன்ஸ் இல்ல. தொடர்ந்து அடிச்சா யாருக்கோ உடம்பு சரியில்லன்னு அர்த்தம். பத்துப் பைசா செலவில்லாம ஒரு குடும்பத்தையே நடத்தியிருக்கோம். ரேட் கட்டர் போட்டு, பூஸ்டர் போட்டு, ராத்திரி கால் ஃப்ரீன்னு கண்ணு முழிச்சுப் பேசினவங்க எல்லாம் இப்ப பிள்ளைங்களைப் பார்த்து "எந்நேரமும் போன்தானா?"ங்கறாங்க. அது போகட்டும்.

2005 கடைசில, 2006 ஆரம்பத்துல "லைஃப்டைம்"னு ஒரு ஸ்கீம் வந்துச்சு. 999 ரூபாய் கட்டுங்க, ஆயுசுக்கும் இன்கமிங் ஃப்ரீ. எங்க பெரியப்பா கட்டினாரு. ஊருல பாதிப் பேர் கட்டினாங்க. மஞ்சள் வித்த காசு! அந்த ஆயுசு 2018 கடைசில முடிஞ்சு போச்சு. மாசாமாசம் குறைஞ்சது 35 ரூபாய்க்குப் போடணும், இல்லன்னா இன்கமிங்கும் கட் அப்படின்னு கொண்டு வந்தாங்க. பெரியப்பா நல்லாத்தான் இருந்தாரு.

சரி, 35தானேன்னு விட்டோம். ஏர்டெல் கணக்கையே எடுத்துக்குவோம். 35 போயி 49 ஆச்சு. 2021 ஜூலைல 79. அதே வருஷம் நவம்பர்ல 99. அடுத்து 155, அதுவும் 28 நாள் இல்ல, 24 நாளைக்கு. 2024 ஜூலைல 199. ஆறு வருஷத்துக்குள்ள அஞ்சரை மடங்குக்கு மேல. இந்த வேகத்துல எங்க ஊர்ல மஞ்சள் விலை ஏறியிருந்தா பெரியப்பா இந்நேரம் ஹெலிகாப்டர்ல தோட்டத்துக்குப் போயிருப்பாரு.

அந்த 199க்கு என்ன கொடுக்கறாங்க தெரியுமா? ரெண்டு ஜிபி டேட்டா. யாருக்கு? படம் பார்க்க முடியாத, வாட்ஸப் இல்லாத, பாம்பு கேம் மட்டும் இருக்கற போனுக்கு. நான் ஒரு தடவை பெரியப்பாகிட்ட "உங்களுக்கு மாசம் ரெண்டு ஜிபி வீணாப் போகுது பெரியப்பா"ன்னு சொன்னேன். "வீணாப் போறதுக்கு எதுக்கு காசு குடுக்கோணும்?"ன்னு கேட்டாரு. என்கிட்ட பதில் இல்ல.

இதே கேள்வியைத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயும் கேட்டுச்சுங்கறது ஒரு ஆறுதல். நாட்டுல இன்னும் சுமார் 15 கோடிப் பேர் பட்டன் போன்தான் வச்சிருக்காங்க, அவங்களுக்கு எதுக்கு டேட்டா, பேசறதுக்கும் எஸ்எம்எஸ்ஸுக்கும் மட்டும் தனியா ஒரு பேக் போடுங்கன்னு 2024 டிசம்பர்ல உத்தரவு போட்டாங்க. கம்பெனிங்க போட்டாங்க. எப்படி? ஏர்டெல்ல 84 நாளைக்கு 509 ரூபாய்ன்னு இருந்ததுல டேட்டாவை உருவிட்டு 499. பத்து ரூபாய் குறைச்சிருக்காங்க, கையெடுத்துக் கும்பிடணும். கண்டனம் கிளம்பினதும் 469க்கு இறக்கினாங்க. ஒரு வருஷத்துக்கு 1,849. பெரியப்பாவுக்கு இப்ப அந்த மாதிரி ஒண்ணுதான் போட்டுவிட்டிருக்கேன். ஒரே தடவைல கட்டற காசைப் பார்த்துட்டு பெரியம்மா ஒரு வாரம் அவரோட பேசல.

அதுக்கு மேலயும் போன் போக மாட்டேங்குதுன்னா, போனை மாத்தறதைத் தவிர வழி இல்ல. ஆரம்பிச்சுச்சு என் ஆராய்ச்சி.

முதல்ல வீட்டுல சும்மா கெடந்த என்னோட பழைய டச் போனைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். எழுத்தைப் பெருசாக்கி, தேவையில்லாத ஐகான் எல்லாத்தையும் தூக்கிட்டு, நாலே நாலு படம். பெரியம்மா, நான், பால் சொசைட்டி, டாக்டர். பெருமையா கொடுத்தேன்.

போன் அடிக்குது. பச்சை வட்டத்தை அமுத்தறாரு. எடுக்கல. இன்னும் பலமா அமுத்தறாரு. "அமுத்தக் கூடாது பெரியப்பா, மேல இழுக்கணும்"னேன். "பொத்தானை இழுக்கறதா? அதெப்படி கண்ணு?"ன்னு நிமிர்ந்து பார்த்தாரு. கரெக்டுதானே? உலகத்துல எந்தப் பொத்தானை நாம இழுத்திருக்கோம்? மண்ணு படிஞ்ச விரலு, மடை மாத்திட்டு வந்த ஈரக்கை, காப்புக் காய்ச்ச உள்ளங்கை. அந்தக் கண்ணாடிக்கு அவரு கை பட்டதே தெரியல. சட்டைப் பாக்கெட்ல போட்டா மட்டும் நல்லா தெரியுது. ஒரு நாள் அது பாக்கெட்டுக்குள்ள இருந்து தானாவே பால் சொசைட்டிக்கு வீடியோ கால் போட்டுருச்சு. அங்க இருந்தவரு இருட்டையே கொஞ்ச நேரம் பார்த்துட்டு, "ஏனுங், உங்கூர்ல கரண்டு இல்லீங்ளா?"ன்னு கேட்டாராம்.

டச் போன் திரும்பி வந்துருச்சு. சார்ஜரை மட்டும் பெரியம்மா வச்சுக்கிட்டாங்க.

அடுத்தது 4ஜி பட்டன் போன். ஆயிரம் ரூபாய்க்குள்ள ஒண்ணு கிடைச்சுது. பார்க்க அம்சமா இருந்துச்சு. ஆனா ஒரே கம்பெனி சிம்தான் போட முடியும். நம்பரை மாத்தாம போர்ட் பண்ணிக்கலாம்தான், ஆனா அந்த டவர் எங்க தோட்டத்துக்குள்ள எட்டிக்கூடப் பார்க்காது. நாளைக்கு டவர் சரியில்லன்னு வேற கம்பெனிக்குப் போனா போனும் குப்பை. காசு கொடுத்து வாங்கற போன், அதுல எந்த சிம் போடறதுங்கறது நம்ம இஷ்டமா இருக்க வேண்டாமா? எனக்கு இது சுத்தமா பிடிக்கல.

கடைசில எல்லா சிம்மும் எடுக்கற 4ஜி பட்டன் போன், ரெண்டாயிரத்துக்குப் பக்கம் கொடுத்து வாங்கினேன். சிம்மையும் 4ஜிக்கு மாத்தியாச்சு. அப்பவும் பழைய குருடி கதவைத் திறடி கதைதான், கால் போகல. மெனுவுக்குள்ள போயி, செட்டிங்குக்குள்ள போயி, இன்னொரு மெனுவுக்குள்ள போயி பார்த்தா, நெட்வொர்க் 2ஜின்னு வச்சிருக்கு, வோல்ட்டீ ஆஃப்ல இருக்கு. ஏன்யா, 4ஜி போன்னு பெட்டியில பெருசா எழுதிட்டு, உள்ள அதை ஆஃப் பண்ணி வச்சு அனுப்பினா எழுபது வயசுக்காரர் எங்க போயித் தேடுவாரு?

இந்த வோல்ட்டீ சமாச்சாரம் கொஞ்சம் முக்கியம். 4ஜிங்கறது அடிப்படைல நெட்டுக்காகச் செஞ்சது. பேச்சையும் நெட் மாதிரியே பொட்டலம் பொட்டலமா கட்டி அனுப்பற ஏற்பாட்டுக்குத்தான் வோல்ட்டீன்னு பேரு. போன்ல அது இல்லன்னா, 4ஜி டவர்ல இருந்தாலும் கால் வந்ததும் போன் 2ஜிக்கோ 3ஜிக்கோ இறங்கித்தான் பேசும். அது ரெண்டும் இல்லாத இடத்துல? ஊமைதான். ஆஸ்திரேலியால 2024 அக்டோபர் 28ல 3ஜியை மூடினப்ப இதே சிக்கல்தான் பெருசா வெடிச்சுது. மத்த காலெல்லாம் 4ஜில போகும், ஆபத்துக்குக் கூப்பிடற 000 நம்பர் மட்டும் 3ஜில போகும், அந்த மாதிரி போன்கள் நிறைய இருந்துச்சு. அப்படிப்பட்ட போன்களையே நெட்வொர்க்ல விடக்கூடாதுன்னு தடுத்தாங்க. கடைத் தம்பி கேட்டாரே, பேசறதுக்கு எதுக்கு 4ஜின்னு? இதுக்குத்தான் தம்பி.

ஆன் பண்ணதும் கால் போச்சு. பெரியம்மா பேசினாங்க. முதல் வார்த்தையே "யாரது?". நான்தான்னு சொன்னா நம்பல. "கொரலு என்னமோ வேற மாதிரி கேக்குது"ங்கறாங்க. காரணம் இருக்கு. 2ஜில நம்ம குரல்ல 300ல இருந்து 3,400 ஹெர்ட்ஸ் வரைக்கும்தான் அனுப்புவாங்க, மேல இருக்கறதை நறுக்கிருவாங்க. வோல்ட்டீல அந்த வரம்பு ரெண்டு மடங்கு ஆகுது. இத்தனை வருஷமா நறுக்கின குரலையே கேட்டுப் பழகினவங்களுக்கு முழுக் குரல் கேட்டதும் வேற ஆளுன்னு தோணிருச்சு!

பெரியப்பாவுக்கு ஒரே குறை. பழைய போன் ஞாயித்துக்கிழமை சார்ஜ் போட்டா அடுத்த ஞாயிறு வரைக்கும் நிக்கும். இது ரெண்டு மூணு நாள்தான் தாங்குது. "நெறையாத் திங்குது கண்ணு"ங்கறாரு, ஏதோ புதுசா வாங்கின மாட்டைச் சொல்ற மாதிரி.

சுபம்னு நினைச்சேன். எங்க? மோட்டார் ரூமை மறந்துட்டோமே!

கிராமத்துல இல்லாதவங்களுக்கு இது தெரியாது. தோட்டத்துக் கிணத்து மோட்டாருக்கு த்ரீ பேஸ் கரண்டு வேணும். அது வர நேரத்துக்குத்தான் தண்ணி. ராத்திரி ரெண்டு மணிக்கு வந்தா ரெண்டு மணிக்கு எந்திரிச்சு, டார்ச் அடிச்சுக்கிட்டு, வரப்புல பாம்பு கெடக்குதான்னு பார்த்துக்கிட்டே போயி மோட்டார் போடணும். இதுக்கு விடிவா வந்ததுதான் மொபைல் ஸ்டார்ட்டர். மோட்டார் ரூம்ல ஒரு பெட்டி, அதுக்குள்ள ஒரு சிம். கட்டில்ல படுத்துக்கிட்டே அந்த நம்பருக்குப் போன் போட்டா மோட்டார் ஓடும், கரண்டு இருக்கா இல்லையான்னு தமிழ்ல சொல்லும். கோயமுத்தூர்ப் பக்கமே நிறைய பேர் தயாரிக்கறாங்க. என்னைக் கேட்டா, கொங்கு நாட்டுல செல்போனால ஆன ஆகப் பெரிய நல்ல காரியம் இதுதான். வாட்ஸப் எல்லாம் அப்புறம்.

பெரியப்பா தோட்டத்துப் பெட்டி 2ஜி. அதுக்குள்ள இருக்கற சிம் யாரோடயும் அரட்டை அடிக்கறதில்ல. கால் வந்தா எடுக்கும், அவ்வளவுதான். அதுக்கும் அதே 199 ரீசார்ஜ்! அன்லிமிடெட் கால், தினம் நூறு எஸ்எம்எஸ், ரெண்டு ஜிபி. மோட்டாருக்கு எதுக்குய்யா ரெண்டு ஜிபி?

இப்ப அந்த சிம்முக்கும் லைன் கிடைக்கறதில்ல. பெட்டி வித்தவர்கிட்ட உள்ள இருக்கற மோடத்தை மட்டும் மாத்தித் தர முடியுமான்னு கேட்டேன். "அதெல்லாம் ஆவாதுங்ணா, 4ஜி மாடல் வந்திருக்குது, மொத்தமா மாத்திருங்"ன்னாரு. அந்த விலைக்கு இன்னும் ரெண்டு பட்டன் போன் வாங்கலாம். ஊர்ல ஒரு பெட்டியா இருக்கு? தோட்டத்துக்குத் தோட்டம் இருக்கு. கடைங்கள்ல கார்டு தேய்க்கற மெஷின், லாரில மாட்டியிருக்கற ஜிபிஎஸ்னு 2ஜில ஓடற சாமான் இன்னும் எத்தனையோ. ஐரோப்பால நிறைய கம்பெனிங்க 3ஜியை முதல்ல மூடிட்டு 2ஜியை விட்டு வச்சதுக்கு இந்த மாதிரி மெஷின்களும் ஒரு காரணம். கார் விபத்தானா தானாவே உதவிக்குக் கூப்பிடற வசதி அங்க 2018ல இருந்து புது மாடல் கார்களுக்குக் கட்டாயம், அதுல பெரும்பாலானது பழைய நெட்வொர்க்கை நம்பி இருக்கு. பிரிட்டன்ல 2033க்குள்ள 2ஜியும் 3ஜியும் முடியும்னு முன்கூட்டியே சொல்லிட்டாங்க. தேதி இருக்கு பாருங்க!

திடீர்னு டவர் போனா என்ன ஆகும்னு நமக்குத் தெரியாதா? 2018 பிப்ரவரியை மறந்துட்டீங்களா? ஏர்செல் படுத்துச்சே! தமிழ்நாட்டுல பொறந்த கம்பெனி, வீட்டுக்கு ஒரு சிம்மாவது அதுல இருந்த காலம். ஒரு நாள் காலைல எந்திரிச்சுப் பார்த்தா கோடு இல்ல. போர்ட் பண்ணலாம்னா போர்ட் பண்றதுக்கு எஸ்எம்எஸ் அனுப்பணும், எஸ்எம்எஸ் அனுப்ப டவர் இல்ல. மொட்டை மாடில நின்னு கையைத் தூக்கிக்கிட்டு ஊரே சிக்னல் தேடுச்சு. பேங்குல, கேஸ்ல, ஆதார்ல கொடுத்த நம்பர் எல்லாம் அது. அது திவாலான கதை, வேற. ஆனா ஒரு நம்பர் செத்தா ஒரு மனுஷனுக்கு எத்தனை கதவு சாத்திக்குதுங்கறதை அன்னைக்கே பார்த்தோம்.

மூடறதை ஒழுங்கா மூடவும் முடியும். சிங்கப்பூர்ல 2017 ஏப்ரல் 1ல 2ஜியை நிறுத்தினாங்க. அதை 2015 ஜூன்லயே அறிவிச்சாச்சு. 2017 ஜனவரில இருந்து 2ஜி மட்டும் இருக்கற போனைக் கடைல விக்கவே கூடாதுன்னும் சொல்லிட்டாங்க. என் கூடப் படிச்ச ஒருத்தன் அப்ப அங்க கப்பல் பட்டறைல வேலைல இருந்தான். தங்கியிருந்த இடத்துல பாதிப் பேர் கையில பட்டன் போன்தான். "முணுமுணுத்துக்கிட்டே மாத்தினோம்டா, ஆனா ஒருத்தனுக்கும் வீட்டுக்குப் பேச முடியாமப் போகல"ன்னான்.

நம்ம ஊர்ல? 2ஜி போகட்டும்னு ஒரு பக்கம் மேடைல பேசறாங்க. இன்னொரு பக்கம் அதே 2ஜி போனைப் புதுசா, ஒரு வருஷ வாரண்டியோட, இன்னைக்கும் கடைல விக்கறாங்க. வாங்கறவருக்கு அது இன்னும் எத்தனை நாள் பேசும்னு யாரும் சொல்றதில்ல. 2ஜியை மூடறதா வேண்டாமாங்கறது கம்பெனிங்க பாடுன்னு அரசாங்கம் ஒதுங்கிக்குது.

நான் 2ஜிக்குக் கொடி பிடிக்கல. அது போக வேண்டியதுதான். பாதுகாப்பும் கம்மி. 2ஜில டவர்தான் போனைச் சோதிக்கும், போன் டவரைச் சோதிக்காது. அந்த ஓட்டையை வச்சுத்தான் பொய் டவர் போட்டு மோசடி எஸ்எம்எஸ் அனுப்பறாங்க. தமிழ்ல மெசேஜ் வந்தா பழைய போன்ல கட்டம் கட்டமாத் தெரியும், அதையும் பார்த்தாச்சு. ஆனா பட்டன் போன் போகணும்னு ஒரு கட்டாயமும் இல்ல. ரெண்டும் வேற வேற. 4ஜில தாராளமா பட்டன் போன் ஓடும், எங்க வீட்டுல ஓடுது. 2ஜிக்கு ஒரு தேதி குறிங்க. அதுக்கு ஒரு வருஷம் முன்னாடியே 2ஜி போன் விக்கறதை நிறுத்துங்க. எந்தக் கம்பெனி சிம்மும் எடுக்கற 4ஜி பட்டன் போனுக்குப் பழசை வாங்கிக்கிட்டுத் தள்ளுபடி கொடுங்க, மோட்டார் பெட்டிக்கும் சேர்த்து. 67,719 கோடி ரூபாய்க்கு ஏலம் விடத் தெரிஞ்ச நாட்டுக்கு இது பெரிய வேலை இல்ல. அதுவரைக்கும் 2ஜில இருக்கறவங்ககிட்ட முழுக் காசு வாங்கறீங்கல்ல, முழு லைனையும் கொடுங்க.

நீங்க ஒண்ணு பண்ணுங்க. அடுத்த தடவை ஊருக்குப் போறப்ப அப்பா, அம்மா, பெரியவங்க போனை வாங்கி, மெனுவுக்குள்ள போயி 4ஜியும் வோல்ட்டீயும் இருக்கா, ஆன்ல இருக்கான்னு பாருங்க. தோட்டம் இருந்தா ஸ்டார்ட்டர் பெட்டியையும் திறந்து பாருங்க. புதுசா வாங்கறீங்கன்னா அட்டைப்பெட்டில அந்த ரெண்டும் அச்சடிச்சிருந்தா மட்டும் வாங்குங்க, கடைக்காரர் வாய் வார்த்தையை நம்பாதீங்க. "காலம் மாறிப்போச்சுப்பா, பழகிக்கங்க"ன்னு சொல்லி உங்க பழைய டச் போனை மட்டும் அவங்க தலையில கட்டிடாதீங்க.